ஓடும்போதே ஆஃப் ஆகும் கார்... மெக்கானிக் கேட்ட மூன்று கேள்விகள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிய குடும்பம். திண்டிவனம் தாண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த பெட்ரோல் கார், திடீரென ஆஃப் ஆகிவிட்டது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. பின்னால் வந்த லாரி விடாமல் ஹாரன் அடித்தது. பின் சீட்டில் இருந்த பாட்டி, “முருகா!” என்று முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

எப்படியோ ஓரம் கட்டினார்கள். இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. இரண்டு மாதங்களில் இது மூன்றாவது முறை. முதல் முறை பேட்டரியை மாற்றினார்கள். அடுத்து ஃபியூல் பம்ப். பணம் போனதுதான் மிச்சம்.

“என்னங்க, இதை வித்துடுங்க. குழந்தையை வெச்சுக்கிட்டு இனிமே இதுல நான் வர மாட்டேன்” என்றார் மனைவி.

மறுநாள் போன வொர்க்‌ஷாப்பில் இருந்த மூத்த மெக்கானிக், உடனே பானெட்டைத் திறக்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார்.

“டக்குனு நின்னுச்சா, மூச்சு வாங்கி நின்னுச்சா சார்?”

“டக்குனுதான். ஆர்பிஎம் முள்ளு ஒரேயடியா கீழ விழுந்துடுச்சு.”

“எவ்வளவு நேரம் ஓடின பிறகு?”

“மூணு தடவையும் ஒரு மணி நேரத்துக்கு மேல.”

“திரும்ப எப்போ ஸ்டார்ட் ஆச்சு?”

“கொஞ்ச நேரம் ஆற விட்டதும்.”

“அப்போ சூடானா கட் ஆகுற ஏதோ ஒண்ணு சார். அதைப் பிடிக்கணும்” என்றவர், ஸ்கேனரை மாட்டினார். கிராங்க் பொசிஷன் சென்சாரைக் குறிக்கும் பி0335 என்ற கோடு பதிவாகியிருந்தது. இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் எந்த நிலையில், எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்தச் சென்சார்தான். அந்தத் தகவல் வராவிட்டால், எப்போது ஸ்பார்க் கொடுப்பது, எப்போது பெட்ரோல் தெளிப்பது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இன்ஜின் அந்த நொடியே நின்றுவிடும்.

கோடு வந்ததுமே அவர் சென்சாரை மாற்றிவிடவில்லை. வண்டி நன்றாகச் சூடாகி நிற்கும்வரை ஓட்டினார். நின்றதும் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஸ்கேனரைப் பார்த்தார். இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யம். கனெக்டர், வயர் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சென்சாரை மாற்றினார். ஃபியூல் பம்ப் மாற்றிய செலவில் பாதிகூட ஆகவில்லை.

நின்ற விதம் என்ன சொல்கிறது?

காரணம் எப்போதும் இதுவாகத்தான் இருக்கும் என்றில்லை. ஆனால், வண்டி நின்ற விதத்தை வைத்து எங்கே தேடத் தொடங்குவது என்று முடிவு செய்யலாம்.

* ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் மேடு ஏறும்போதும் திணறி, இழுவை குறைந்து நின்றால்: ஃபியூல் ஃபில்டர் அடைப்பு, பம்ப் பலவீனம். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வில் ஓட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும்.
* சிக்னலில் வேகம் குறைந்து, ஐடிலில் மட்டும் ஆஃப் ஆனால்: த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். வேக்குவம் குழாயில் கசிவு இருக்கலாம். பல நேரங்களில் சுத்தம் செய்தாலே போதும்.
* பேட்டரி விளக்கு எரிந்து, ஹெட்லைட் மங்கி, பிறகு நின்றால்: ஆல்டர்னேட்டர் அல்லது அதன் பெல்ட். பேட்டரி டெர்மினல் லூஸாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.
* டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டு நின்றால்: ஓவர்ஹீட். நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.
* தேங்கிய மழைநீரில் நின்றால்: திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து, பெரிய செலவில் போய் நிற்கும்.

அந்த ஒரு நிமிடம்...

ஓடும் வண்டி ஆஃப் ஆனால் ஸ்டீயரிங் கனக்குமே தவிர, திரும்பும். இரண்டு கைகளாலும் பலமாகத் திருப்ப வேண்டும். பிரேக்கும் பிடிக்கும், ஆனால் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் உதவி ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்த வேண்டும். வண்டி முழுவதும் நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது. ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும்.

ஹசார்டு விளக்கைப் போட்டு, வேகம் இருக்கும்போதே இடது ஓரத்துக்கு வந்துவிட வேண்டும். எல்லோரும் இடது கதவு வழியாக இறங்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்பது நல்லது. காருக்குள்ளேயே உட்கார்ந்து காத்திருப்பதுதான் ஆபத்து. எச்சரிக்கை முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 எண்ணுக்கு அழைக்கலாம்.

பாதுகாப்பாக நின்ற பிறகு, செல்போனில் நான்கு வரி குறித்துக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் ஓடியது, என்ன வேகம், எந்த விளக்கு எரிந்தது, திரும்ப எப்போது ஸ்டார்ட் ஆனது. ‘வண்டி நின்னுடுச்சு’ என்று மட்டும் சொன்னால், மெக்கானிக்கும் ஊகத்தில்தான் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். அந்த ஊகத்துக்கான பில் நம் தலையில்தான் விழும்.

அடுத்த மாதம் அதே குடும்பம், அதே காரில், அதே சாலையில் போனது. திண்டிவனம் தாண்டும்போது யாரும் பேசவில்லை. விழுப்புரம் நெருங்கியதும் பாட்டிதான் முதலில் வாயைத் திறந்தார்.

“ஏம்ப்பா, எங்கயாவது நிறுத்தி ஒரு காபி குடிக்கலாமா?”