அம்புக்குறிகளை மறந்துவிடுங்கள்

மாணவர்களே, படிவம் 4-இல் வேதியியல் எடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் குறிப்பேட்டில் தனிம அட்டவணையும் அதைச் சுற்றி நாலைந்து அம்புக்குறிகளும் கட்டாயம் இருக்கும். கீழே போனால் அணு பெரிதாகும். வலப்பக்கம் போனால் சிறிதாகும். முதல் தொகுதியில் கீழே போகப் போக வினைபுரியும் திறன் கூடும். பதினேழாம் தொகுதியில் குறையும். இதையெல்லாம் முதல் நாள் இரவு உருப்போட்டுவிட்டு, மறுநாள் கேள்வித்தாளைக் கண்டதும் எது கூடும், எது குறையும் என்று திண்டாடுபவர்கள் பலர். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

என்னைக் கேட்டால், அம்புக்குறிகளை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன்: வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரானை அணுக்கரு எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது?

லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றுக்கும் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான்தான். வினைபுரியும்போது அதைத்தான் இழக்கின்றன. லித்தியத்தில் அது இரண்டாம் கூட்டில் இருக்கிறது. பொட்டாசியத்திலோ நான்காம் கூட்டில், அணுக்கருவை விட்டு வெகுதூரத்தில். கைநழுவிப் போவது சுலபம். அதனால்தான் தண்ணீரில் லித்தியம் மெல்லக் குமிழியிட, பொட்டாசியம் இளம் ஊதாச் சுடரோடு எரிகிறது. குளோரின், புரோமின், அயோடினுக்கு வேலை நேர்மாறு. அவை வெளியிலிருந்து ஓர் எலக்ட்ரானை இழுத்துக்கொள்ள வேண்டும். அணு பெரிதானால் இழுப்பு தளரும். அம்புகள் எதிரெதிரே போனாலும் காரணம் ஒன்றுதான்.

“லித்தியத்தில் 3 புரோட்டான், பொட்டாசியத்தில் 19. அப்படியென்றால் பொட்டாசியம் அல்லவா இறுக்கிப் பிடிக்க வேண்டும்?” என்று கேட்கத் தோன்றுகிறதா? கேட்க வேண்டிய கேள்விதான். பொட்டாசியத்தின் உள்கூடுகளில் இருக்கும் 18 எலக்ட்ரான்கள் குறுக்கே நின்று அந்த ஈர்ப்பைப் பெருமளவு மறைத்துவிடுகின்றன. சோடியத்திலிருந்து குளோரின் வரை நடந்து பாருங்கள். உள்ளே மறைப்பவை அதே 10 எலக்ட்ரான்கள்தாம். புரோட்டான்களோ 11-லிருந்து 17 ஆகின்றன. பிடி இறுகுகிறது; அணுவின் ஆரம் 186 பிக்கோமீட்டரிலிருந்து 99-க்குச் சுருங்குகிறது.

1869-இல் அட்டவணையை வெளியிட்ட ரஷ்ய அறிஞர் மெண்டலீவுக்கு இந்தக் காரணம் தெரியாது. எலக்ட்ரானே அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. அணு எடை வரிசையில் அடுக்கியவர், டெலூரியம், அயோடின் இரண்டிடம் வந்தபோது தயங்கினார். எடைப்படி அயோடின்தான் முன்னால் வர வேண்டும். ஆனால் அதன் குணமோ குளோரினையும் புரோமினையும் ஒத்திருந்தது. குணத்தை நம்பி, டெலூரியத்தை முன்னே வைத்தார். அதன் எடையை யாரோ தவறாக அளந்திருப்பார்கள் என்று எண்ணினார். அந்த எண்ணம் பிழை. இன்றும் டெலூரியம் 127.6, அயோடின் 126.9 தான். வைத்த இடம் மட்டும் சரி. வரிசையைத் தீர்மானிப்பது எடை அல்ல, அணுக்கருவின் மின்னூட்டம்தான் என்று 1913-இல் மோஸ்லி காட்டிய பிறகே அந்த முடிச்சு அவிழ்ந்தது.

உங்கள் அட்டவணையில் 18, 19-ஆம் கட்டங்களின் அணு எடைகளைப் பாருங்கள். பிறகு 27, 28-ஐயும்.