ஹோஸ் இல்லையா? அஞ்சு பக்கெட் போதும்!

லீவுக்கு ஊருக்குப் போனா எனக்கு முதல் வேலை, அப்பாவோட குட்டியானையைக் கழுவுறதுதான். வீட்டுல ஹோஸ் கிடையாது. தெருக்குழாய்ல ஹோஸ் மாட்டினா, பின்னாடி வரிசையில நிக்கிற குடமெல்லாம் காலியாவே திரும்பும். உங்கள்ல பல பேர் வீட்டுலயும் இதே கதைதானே?

இதை ஒரு குறையா நினைக்காதீங்க. திறந்துவிட்ட ஹோஸ்ல நிமிஷத்துக்கு 10 லிட்டர் சாதாரணமா ஓடும். அரை மணி நேரத்துல 300 லிட்டர் சாக்கடைக்கு! அஞ்சு பக்கெட்னா 100 லிட்டருக்குள்ள முடிஞ்சிடும்.

ஆனா முறையா செய்யணும். வெயில்ல கழுவாதீங்க, சோப்பு காஞ்சு திட்டுத்திட்டா நிக்கும். காஞ்ச புழுதியைத் துணியால தேய்ச்சா, மண்துகள் உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைக் கீறிடும். முதல்ல மக்குல மொண்டு ஊத்தி ஊறவிடுங்க. சோப்புத் தண்ணிக்கு ஒரு பக்கெட், துணி அலச இன்னொண்ணு. கேபின் கூரையில ஆரம்பிச்சு கீழே வாங்க, டயர் கடைசி.

முக்கியமான இடம், லோடு ஏத்துற பாடியோட மூலைகள். அங்க தங்குற சேறு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், தகடு துருப்பிடிக்கும். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரில 'கரோஷன்' எழுதி மார்க் வாங்கினோமே, அதேதான். அங்க போனது மார்க். இங்க போறது நம்ம ஃபீஸ் கட்டுற வண்டி.

அடுத்த லீவுக்கு அப்பாவை உட்கார வச்சிட்டு, பக்கெட்டை நீங்க தூக்குங்க.