பீடியின் மேல் பழி போடுமுன் விரலைப் பாருங்கள்

மூதூரில் வலை இழுப்பவர், சீனன்குடாவில் மூட்டை தூக்கிய முதியவர், கிண்ணியாவில் கூரை வேலை செய்பவர் என்று யார் இருமலும் முட்டுமாக வந்தாலும், பீடி குடிப்பாரா என்று கேட்கிறோம். ஆம் என்றதும் சி.ஓ.பி.டி. என்று கிளினிக் புத்தகத்தில் எழுதி, இன்ஹேலரையும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். வெளிநோயாளர் பிரிவின் நெரிசல் தெரியாமல் இதைச் சொல்லவில்லை. ஆனால் சி.ஓ.பி.டி. மட்டும் இருப்பவருக்கு விரல் நுனி பருக்கும் கிளப்பிங் வருவதில்லை. வந்திருந்தால் கூடவே வேறொரு நோயைத் தேடியாக வேண்டும்: நுரையீரல் புற்றுநோய், மூச்சுக்குழல் விரிவு, நாட்பட்ட சீழ்க்கட்டி, நுரையீரல் நார்த்தடிப்பு. முன்பு காசநோய் வந்தவர்தானே என்ற சமாதானமும் போதாது. சிதைந்த நுரையீரலில் மூச்சுக்குழல் விரிவு இருக்கலாம். பழைய தழும்பிலேயே புற்று வளர்ந்திருக்கலாம்.

நம் மாவட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. கயிறும் வலையும் இழுத்துக் காய்த்த விரல்கள் நோயில்லாமலே பருத்துத் தெரியும். ஆனால் காய்ப்பு உள்ளங்கைப் பக்கத்தில் விழுவது. நாம் பார்க்க வேண்டியது நகத்தின் அடியை. விரலைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நகமும் அதன் அடித்தோலும் சேரும் கோணம் இயல்பில் ஏறத்தாழ 160 பாகை. கிளப்பிங்கில் 180ஐத் தாண்டும். நக அடியை அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கும். சந்தேகம் தீராவிட்டால் கலிப்பரால் சுட்டுவிரலின் தடிப்பை நக அடியில் ஒருமுறையும் கடைசி மூட்டில் ஒருமுறையும் அளக்கலாம். நக அடி மூட்டைவிடத் தடித்திருந்தால் அது கிளப்பிங்.

ஈ.சி.ஜி. படிக்க நம்மில் பலர் கையிலெடுத்த நூலின் ஆசிரியர், தென்னாபிரிக்க இதயநோய் நிபுணர் லியோ ஷாம்ரொத். எண்டோகார்டிடிஸ் வந்தபோது தம் விரல்கள் மாறியதைத் தாமே கவனித்து, 1976இல் எழுதினார். இரு கைகளின் ஒரே விரல் நகங்களை முதுகோடு முதுகாகச் சேர்த்தால் நடுவே தெரியவேண்டிய சிறு சாய்சதுர இடைவெளி கிளப்பிங்கில் மறைந்துவிடும். கருவி எதுவும் வேண்டாத அழகான சோதனை. ஆனாலும் அதை மட்டும் நம்பக்கூடாது. பார்ப்பவருக்குப் பார்ப்பவர் முடிவு மாறும். 2001இல் ஜாமா இதழில் வந்த மீளாய்வு, சி.ஓ.பி.டி. நோயாளியிடம் மேலே சொன்ன தடிப்பு விகிதம் 1.05ஐத் தாண்டினால் நுரையீரல் புற்றுநோய்க்கான லைக்லிஹூட் ரேஷியோ 3.9 என்றது. எக்ஸ்றேக்கு அனுப்ப இது போதாதா? விரல் இயல்பாக இருக்கிறது என்பதற்காகப் புற்றுநோய் இல்லை என்று நினைத்துவிடவும் கூடாது.

மணிக்கட்டும் கணுக்காலும் வலிக்கிறது என்று வரும் புகைப்பழக்கக்காரரை மூட்டுவாதம் என்று அனுப்புமுன் நகத்தைப் பாருங்கள். அண்மையில் வந்த, வலியுள்ள கிளப்பிங் என்றால் முதலில் படம் எடுக்க வேண்டியது நெஞ்சைத்தான்.

தொழிலையும் கேட்க வேண்டும். அஸ்பெஸ்டஸால் வரும் நார்த்தடிப்பும் புற்றும் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள் ஆகலாம். 2004 சுனாமிக்குப் பின்னும் போருக்குப் பின்னும் இந்தக் கரையோரத்தில் அஸ்பெஸ்டஸ் சீற் அறுத்தவர்களும் உடைந்த சீற் அள்ளியவர்களும் இனித்தான் நம்மிடம் வரப்போகிறார்கள். 2018இலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதி நிறுத்தப்படும் என்று அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா நம் தேயிலையைத் தடுத்ததும் அந்த முடிவு தள்ளிப்போனது. தேயிலையைக் காக்கத் தொழிலாளியின் நெஞ்சை விலையாகக் கொடுத்த முடிவு அது என்றே இவ்விதழ் கருதுகிறது. இப்போது என்ன வேலை என்று மட்டும் கேட்டால் போதாது. இருபது வருடத்துக்கு முன் என்ன செய்தீர்கள் ஐயா என்று கேளுங்கள்.

பிள்ளைகளின் கையையும் விட்டுவிடக் கூடாது. நம் நிறத் தோலில் நீலம் பாய்ந்திருப்பது எளிதில் கண்ணுக்குப் படாது. ஒக்சிமீற்றரும் கருமையான தோலில் ஒட்சிசன் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். 2020இல் அமெரிக்க ஆய்வொன்று வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஒட்சிசன் குறைவு ஏறத்தாழ மூன்று மடங்கு தவறவிடப்படுவதைக் காட்டியது. விரலின் வடிவத்துக்கு நிறம் தடையில்லை. ஃபலோ டெட்ராலஜி உள்ள குழந்தையிடம் கிளப்பிங் பிறந்ததும் தெரியாது, மாதங்கள் செல்லும். ஆகவே தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் கையைப் பார்க்கும்படி குடும்பநல உத்தியோகத்தர்களிடம் சொல்லிவையுங்கள். கையில் இல்லாமல் காலில் மட்டும் கிளப்பிங் இருந்தால், மூடாத டக்டஸில் இரத்தம் திசைமாறி ஓடுகிறதா என்று எக்கோ பார்க்க வேண்டும்.

பிரதேச வைத்தியசாலைகளில் பணிபுரியும் இளம் வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாற்றல் கடிதத்தில் கிளப்பிங் உண்டா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை பார்ப்பவர் அது புதிதா பழையதா என்று அறிய அந்த வரி வேண்டும். புதிதாக வந்ததென்றால், எக்ஸ்றே தெளிவாக இருந்தாலும் அத்தோடு விடாமல் சீ.ரீ. ஸ்கானுக்கு அனுப்புங்கள்.