நிக்க ஒரு இடம் கொடுங்கப்பா!

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு. இப்படி ஒரு ரோட்டுல வண்டி ஓட்டணும்னு நம்மள்ல பாதி பேருக்கு ஆசை இருக்கும். அமெரிக்காவுல இருக்கிற மக்கள் கலிஃபோர்னியா ஒண்ணாம் நம்பர் சாலையில போயிட்டு வந்து அம்பது போட்டோ போட்டு நம்ம வயித்தெரிச்சலைக் கொட்டிக்குவாங்க. இங்க இருக்கிறவங்க விசாகப்பட்டினத்துலேர்ந்து பீமிலி போற கடற்கரை ரோட்டைச் சொல்லுவாங்க.

நான் சொல்றது தென்னேரியிலேர்ந்து சதுரங்கப்பட்டினம் போற ரோட்டை. சிரிக்காதீங்க. முழுசா படிச்சுட்டு அப்புறமா கும்முங்க :)

தென்னேரி எங்கம்மா பொறந்த ஊரு. வாலாஜாபாத் பக்கத்துல இருக்கு. ஊரை விட ஏரி பெருசு. தொண்டைமான் இளந்திரையன் பேர்ல திரையனேரின்னு இருந்ததுதான் தென்னேரி ஆச்சுன்னு சொல்லுவாங்க. தண்ணி இருக்கிற வருஷத்துல கரை மேல நின்னு பார்த்தா எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. கடல் பார்க்காத காலத்துல நான் இதைத்தான் கடல்னு நினைச்சுட்டு இருந்தேன்.

போன பொங்கல் லீவுக்கு மாமா வீட்டுல தங்கியிருந்தப்ப அம்மா ஆரம்பிச்சாங்க. "திருக்கழுக்குன்றம் போய் எத்தனை வருஷம் ஆச்சு, ஒரு தடவை கூட்டிட்டுப் போடா." சரி, அங்க போனா அப்படியே கடலையும் பார்த்துட்டு வந்துடலாமேன்னு அம்மா, தங்கமணி, பையன், நான்னு நாலு பேரும் காலையில கிளம்பிட்டோம்.

இந்த ரோட்டைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். மாநில நெடுஞ்சாலை 58னு பேர் வாங்கின ரோடு இது. ஒரு முனையில திருத்தணி மலை, இன்னொரு முனையில சதுரங்கப்பட்டினம் கடல். நடுவுல அரக்கோணம், காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம். முருகன் மலையையும் வங்காள விரிகுடாவையும் ஒரே ரோடு கோக்குது! நாம அதை "செங்கல்பட்டு ரோடு"ன்னு சொல்லி லாரிக்குப் பின்னாடி ஹாரன் அடிச்சுட்டே போயிட்டு இருக்கோம்.

வாலாஜாபாத் தாண்டினா பழைய சீவரம். ரோட்டை ஒட்டி ஒரு குன்று, மேல நரசிம்மர். பொங்கலை ஒட்டி காஞ்சிபுரம் வரதராஜர் இங்க பார்வேட்டைக்கு வருவார். எதிர்ல பாலாறு. பாதி நாள் மணலாத்தான் கிடக்கும், ஆனா அகலத்தைப் பார்த்தா மலைச்சுப் போவீங்க. அந்தக் கரையில திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்ற இடம். அங்க இருக்கிற பெருமாள் கோயில் சுவர்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 11ஆம் நூற்றாண்டு. கோயிலோட சேர்ந்து ஒரு ஆஸ்பத்திரி நடந்திருக்கு. 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருத்தர், நோயாளிகளைப் பார்த்துக்கப் பெண்கள், இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளோட பேர் உட்பட எல்லாம் வெட்டி வச்சிருக்காங்க.

நான் என்ன பண்ணேன்? அறுபதுல போயிட்டே "அதோ பாருங்க, அந்தப் பக்கம்தான் திருமுக்கூடல்"னு கையைக் காட்டினேன். பையன் திரும்பறதுக்குள்ள போயிடுச்சு. நிறுத்தலாம்னு பார்த்தா ஓரத்துல இடம் இல்லை, பின்னாடி ஒரு கன்டெய்னர் லாரி லைட் போட்டு விரட்டறான்.

"இப்படி கையைக் காட்டறதுக்கு வீட்டுலயே மேப்பைக் காட்டியிருக்கலாம்"னு தங்கமணி சொன்னாங்க. வழக்கம்போல அவங்க சொன்னது சரி.

செங்கல்பட்டு கொளவாய் ஏரியும் அதே கதைதான். ரயில்ல போறப்ப ஜன்னல் வழியா எத்தனை தடவை பார்த்திருப்போம். ஒரு தடவையாவது இறங்கி நின்னு பார்த்திருக்கோமா?

திருக்கழுக்குன்றம் வந்தப்ப வெயில் ஏறிடுச்சு. மலை உயரம் ஏறக்குறைய 500 அடி. 565 படி. அம்மாவுக்கு மூட்டு வலி, ஏற முடியாது. டோலி வேணாம்னுட்டாங்க. "ஒருத்தன் தோள்ல உக்காந்து சாமி பார்க்கணுமா, எனக்குக் கீழேயே தெரியுது"ன்னு அடிவாரத்துல உக்காந்துட்டாங்க. தங்கமணி துணைக்கு இருந்தாங்க. நானும் பையனும் ஏறினோம்.

அம்மா சின்ன வயசுல பார்த்ததை எனக்கு நூறு தடவை சொல்லியிருக்காங்க. உச்சி வெயில்ல பாறை மேல பூசாரி சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தோட உக்காந்திருப்பார். எங்கேர்ந்தோ ரெண்டு கழுகு வட்டம் போட்டு இறங்கும். சாப்பிட்டுட்டு கிளம்பிடும். காசியில குளிச்சுட்டு, இங்க சாப்பிட்டுட்டு, ராமேஸ்வரம் போகுதுன்னு ஊரெல்லாம் நம்பிக்கை. மஞ்சள் மூஞ்சி, வெள்ளை உடம்பு. பறவை ஆளுங்க மஞ்சள்முகப் பாறுன்னு சொல்லுவாங்க.

1990கள் முடியறப்ப அந்த ரெண்டும் வர்றது நின்னு போச்சு. அதே சமயத்துல நாடு முழுக்க பாறுக் கழுகுங்க கூட்டம் கூட்டமா செத்துச்சு. மாட்டுக்குப் போடற டைக்ளோஃபெனாக்ங்கிற வலி மருந்துதான் பெரிய காரணம்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க. 2006ல கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை பண்ணாங்க. இந்த ரெண்டும் அதனாலதான் வரலைன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா கழுகு பேர்லயே இருக்கிற மலை மேல நின்னு வெறும் வானத்தைப் பார்க்கறப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. பையன் கேட்டான், "பாட்டி சொன்ன கழுகு எங்கப்பா?" பதில் சொல்லாம தண்ணி பாட்டிலை எடுத்தேன்.

இறங்கி வர்ற வழியில ஒருகல் மண்டபம். ஒரே பாறையைக் குடைஞ்ச பல்லவர் கால குடைவரை. அதுக்குள்ள 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரங்க அவங்க பேரை செதுக்கி வச்சிருக்காங்க. சதுரங்கப்பட்டினத்துல துணி வியாபாரம் பண்ண வந்தவங்க, இவ்வளவு தூரம் வந்து, மலை ஏறி, நிழல்ல உக்காந்து பேர் எழுதிட்டுப் போயிருக்காங்க. நம்ம ஊர்ல அம்புக்குறி விட்ட இதயம் வரையற காதலர்களுக்கெல்லாம் முன்னோடி! பண்ணது தப்புதான், ஆனா ஒண்ணு, அவங்க நின்னு பார்த்திருக்காங்க.

கீழ வந்தா அம்மா முகம் வாடிப் போயிருந்தது. பக்கத்துல காலையில மாமி கொடுத்தனுப்பின தண்ணி பாட்டில். மூடி கூட திறக்கலை.

"ஏம்மா, இந்த வெயில்ல தண்ணி கூடவா குடிக்கலை?"

"குடிச்சா அப்புறம் எங்கடா போறது?"

மக்களே, இந்தப் பதிவு எழுத உக்காந்ததே இந்த ஒரு வரிக்காகத்தான்.

வர்ற வழியில ரெண்டு இடத்துல தங்கமணி விசாரிச்சிருக்காங்க. ஒண்ணு பூட்டு. இன்னொண்ணுல கதவு வரைக்கும் கூட போக முடியலை. எனக்கு இது எதுவுமே தெரியாது. நமக்கென்ன, மரத்தோரமா நிறுத்தினா முடிஞ்சுது வேலை. எழுபது வயசை நெருங்கற அம்மா காலையில ஆறு மணியிலேர்ந்து ஒரு மிடறு தண்ணி குடிக்காம நான் சொல்ற கல்வெட்டுக் கதைக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்திருக்காங்க. தங்கமணிகிட்ட அப்புறம் கேட்டேன். "வெளியூர் போற அன்னைக்கு நாங்க எல்லாருமே அப்படித்தான், இப்பதான் தெரியுதா?"ன்னாங்க. அவ்வ்வ்வ்.

சில வருஷம் முன்னாடி ஆபீஸ்ல ஆணி புடுங்க கலிஃபோர்னியா அனுப்பினப்ப நானும் அந்த ஒண்ணாம் நம்பர் ரோட்டுல போயிருக்கேன். பிக் சர் பக்கம் அது 1937ல திறந்த ரோடு, பிக்ஸ்பி பாலம் 1932ல கட்டினது. மலையும் கடலும் அழகுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா என்னை அசத்தினது வேற. நல்ல காட்சி வர்றதுக்கு முன்னாடியே போர்டு வரும். ரோட்டை விட்டு விலகி நாலு வண்டி நிக்க ஒரு திட்டு இருக்கும். நிறுத்தலாம், பார்க்கலாம், கிளம்பலாம். எல்லா இடத்துலயும் பாத்ரூம் இருக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். பிக்ஸ்பி பாலத்துகிட்ட ரோட்டு மேலேயே வண்டியைப் போட்டுட்டு போட்டோ எடுக்கிற கூட்டத்தால அந்த ஊர்க்காரங்களே கடுப்புல இருக்காங்க. அங்கயும் பிரச்சனை உண்டு. ஆனா "இந்த ரோட்டுல வர்றவன் நிப்பான்"ங்கிற நினைப்போட போட்ட ரோடு அது. நம்ம ரோடெல்லாம் "போயிட்டே இரு"ங்கிற நினைப்போட போட்டது.

உடனே "வெள்ளைக்காரனைப் பார்த்துக் கத்துக்கோ"ன்னு சொல்ல வர்றேன்னு நினைக்காதீங்க. இது நமக்குத் தெரியாத வித்தையே இல்லை. பழைய ரோட்டோரங்கள்ல சுமைதாங்கிக் கல்லுன்னு ஒண்ணு பார்த்திருப்பீங்க. ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைப் படுக்க வச்சிருக்கும். தலைச்சுமையோட நடந்து வர்றவங்க யார் உதவியும் இல்லாம இறக்கி வச்சு, இளைப்பாறிட்டு, திரும்பத் தூக்கிக்கலாம். வயித்துல பிள்ளையோட செத்துப் போன பெண்கள் நினைவா அதை நட்டிருக்காங்க. அவ இறக்காத சுமையை ஊர் சனம் இறக்கட்டும்னு. சத்திரம், தண்ணீர்ப் பந்தல், வழிநெடுக புளியமரம் எல்லாமே அந்த வகைதான். நடந்து போனவனுக்கு நிக்க இடம் கொடுத்த ஊரு, கார்ல போறவனுக்கு டோல் ரசீது மட்டும் கொடுக்குது.

எனக்கு ரிசார்ட் வேணாம். ஊர் பேரை ஆளுயர எழுத்துல வச்சு கலர் லைட் போடற செல்ஃபி பாயிண்ட்டும் வேணாம். நான் கேக்கறது இவ்வளவுதான்:

1. ஏரி, ஆறு, குன்று தெரியற இடங்கள்ல ரோட்டை விட்டு உள்ள தள்ளி ஆறு வண்டி நிக்க ஒரு திட்டு. ரோட்டை அகலப்படுத்தறப்ப இதையும் சேர்த்துப் போட்டா என்ன?

2. ஒரு மரம், அதைச் சுத்தி ஒரு திண்ணை. இருக்கிற மரத்தை வெட்டாம இருந்தா பாதி செலவு மிச்சம்.

3. நாலு வரி போர்டு, தமிழ்ல. "எதிர்க்கரையில 900 வருஷத்துக்கு மேல முன்னாடி 15 படுக்கை ஆஸ்பத்திரி நடந்தது"ன்னு எழுதினா எந்தப் பையன் திரும்பிப் பார்க்க மாட்டான்?

4. தண்ணி வர்ற, தாழ்ப்பாள் இருக்கிற கழிப்பறை. கூடவே அதைப் பார்த்துக்க சம்பளத்துக்கு ஒரு ஆள். திறப்பு விழாவோட பூட்டு விழாவும் நடத்திடாதீங்க.

"நிறுத்த இடம் போட்டா குப்பை போடுவாங்க, குடிக்க உக்காருவாங்க"ன்னு ஒரு நண்பர் சொன்னார். நியாயமான பயம்தான். இடம் போடாத இப்பவும் பாட்டில் கிடக்கத்தானே செய்யுது? ஆள் நடமாட்டமும் ஒரு டீக்கடையும் இருக்கிற இடத்துல அந்த ஆட்டம் குறையும்னுதான் எனக்குத் தோணுது. அந்த ஊர்ப் பெண்கள் சுயஉதவிக் குழுகிட்ட கடையையும் பராமரிப்பையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்க.

மிச்ச கதைக்கு வர்றேன். சதுரங்கப்பட்டினத்துல டச்சுக்காரன் கோட்டை. இடிஞ்ச செங்கல் சுவர், உள்ள சித்திர வேலை செஞ்ச கல்லறைக் கற்கள், அந்தாண்ட கடல். திருத்தணி மலையிலேர்ந்து வர்ற ரோடு இங்க வந்து முடியுது. பையன் கடலைப் பார்த்துட்டு "தென்னேரி மாதிரியே இருக்குப்பா"ன்னான். ரத்தம்யா ரத்தம் :)

அங்கேர்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில மாமல்லபுரம் நோக்கி வந்தோம். 2004 சுனாமி மணலை அரிச்சதுல சாளுவன்குப்பத்துல வெளிய வந்த பழைய செங்கல் முருகன் கோயிலையும் பார்த்துடலாம்னு நினைப்பு. வழியில ஒரு அக்கா இளநீர் வித்துட்டு இருந்தாங்க. பின்னாடியே வீடு. வண்டி நின்னதும் அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்தாங்க. எங்க யாரையும் எதுவும் கேக்கலை.

"உள்ள வாங்கம்மா, பின்கட்டுல இருக்கு. பக்கெட்ல தண்ணி ரொப்பி வச்சிருக்கேன்."

அம்மா போயிட்டு வந்து அந்தத் திண்ணையில உக்காந்தாங்க. ஒரு இளநீரை முழுசா குடிச்சாங்க. இன்னொண்ணு கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் அன்னைக்கு முதல் தடவையா சுத்துமுத்தும் பார்த்து, "காத்து நல்லா வருதுல்ல"ன்னாங்க.

இளநீருக்கு மேல காசு நீட்டினேன். அந்த அக்கா வாங்கலை. "இதுக்கெல்லாமா காசு?"ன்னாங்க.

மாமல்லபுரத்துல குன்று மேல கலங்கரை விளக்கம், பக்கத்துலயே வெள்ளைக்காரன் காலத்துல விளக்கு ஏத்தின பழைய ஓலக்கண்ணேஸ்வரர் கோயில், 1984லேயே யுனெஸ்கோ பட்டியல்ல ஏறின சிற்பமெல்லாம் பார்த்துட்டுதான் வந்தோம். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட எந்த இடம்மா பிடிச்சுதுன்னு கேட்டேன். கோயில் பேரும் சொல்லலை, கோட்டை பேரும் சொல்லலை.

"அந்த இளநீர்க்காரப் பொண்ணு வீட்டுத் திண்ணை"ன்னாங்க.

உங்க ஊர் ரோட்டுல இப்படி ஒரு திண்ணை இருந்தா சொல்லுங்க மக்களே. அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிட்டு அந்தப் பக்கம் வர்றேன்.