எடைக்குப் போட்ட தங்கம்

சென்ற ஆண்டு கணிப்பொறி அறையைப் புதுப்பித்தபோது, பழைய பெட்டிகளைப் படியிறக்கி வண்டியில் ஏற்றியவர்கள் நாங்கள்தாம். எடை போட்டுப் பணம் வாங்கியாயிற்று. அவை எங்கே போகின்றன என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது.

தங்கம் துருப்பிடிக்காது அன்றோ? ஆகையால் கணிப்பொறியின் மதர்போர்டில் இணைப்பு முனைகளுக்குத் தங்க முலாம் பூசுகிறார்கள். 2024-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டில், சூரிச் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 20 பழைய மதர்போர்டுகளிலிருந்து 450 மில்லிகிராம் எடையுள்ள தங்கக் கட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அதுவும் 22 காரட்! நம் அன்னையர் கணக்கில் சொன்னால், ஒரு சவரனுக்கு ஏறத்தாழ 360 மதர்போர்டுகள் வேண்டும்.

அதற்கு அவர்கள் பயன்படுத்திய பொருள்தான் வியப்புக்குரியது. பாலாடைக்கட்டி செய்யும்போது மிஞ்சும் தெளிநீரிலுள்ள புரதத்தை நுண்ணிழைகளாக்கி, உலர்த்திப் பஞ்சாக்கினார்கள். மதர்போர்டின் உலோகங்களைக் கரைத்த நீரில் இப்பஞ்சை இட்டால், செம்பையும் இரும்பையும் விடத் தங்கத்தையே அது மிகுதியாகப் பற்றிக்கொள்கிறது. பிறகு சூடாக்கி உருக்கினால் கட்டி கிடைக்கிறது. பொருளுக்கும் எரிசக்திக்கும் ஆன செலவு, கிடைத்த தங்கத்தின் மதிப்பில் 50-இல் ஒரு பங்கே என்கிறார்கள்.

இம்முறையிலும் உலோகத்தைக் கரைக்க அமிலம் வேண்டும், அதை மறைக்கலாகாது. ஆனால் அமிலத்தைக் கலத்துக்குள் அடக்கி ஆள்வது வேறு, ஆற்றங்கரையில் கொட்டுவது வேறு. உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் என்னும் ஊர் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போனது. அங்கே பழைய மின்பலகைகளை எரித்து, சாம்பலை அரைத்துக் கழுவி, உலோகம் பிரித்து வந்தார்கள். அந்தக் கருஞ்சாம்பல் ராம்கங்கை ஆற்றின் கரையில் குவிந்தது. எரித்தவர்களின் மூச்சில் கலந்த புகையை யார் எடை போட்டார்கள்?

பழைய சாமான்காரரைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. அவரும் பிழைக்க வேண்டும். ஆற்றுக்கும் நுரையீரலுக்கும் யாரும் விலை போடாததால்தான் அவரால் நமக்குக் கூடுதலாக நாலு காசு தர முடிகிறது. பெற்றோரே, அந்த நாலு காசு நமக்கு வேண்டாம் என்கிறோம்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிகளின்படி, இக்கழிவைப் பிரிக்கும் தொழில் செய்வோர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர்கள் தரும் விலை குறைவாக இருக்கலாம். இருக்கட்டுமே!

மாடிப்படிக்குக் கீழே இன்னும் மூன்று கணிப்பொறிகளும் ஓர் அச்சுப்பொறியும் கிடக்கின்றன. அவற்றை வாங்க வருபவரிடம், தராசை இறக்குமுன் பதிவுச் சான்றைக் கேட்குமாறு தலைமை அருட்சகோதரி அவர்களைப் பணிவுடன் வேண்டுகிறோம். தூக்கிக் கொடுக்க நாங்கள் வருகிறோம்.