‘டாப்-அப் பண்ணியாச்சு சார்’ என்பது ரிப்பேர் அல்ல!

கார் வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. பானெட்டைத் திறந்தால் கூலன்ட் டப்பாவில் அளவு ‘மின்’ கோட்டுக்குக் கீழே. தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. சர்வீஸ் சென்டரில் காட்டினால், ‘டாப்-அப் பண்ணியாச்சு சார், பயப்பட ஒண்ணுமில்ல’ என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை.

இந்தப் பதிலை நாம் ஏற்கக் கூடாது. கூலன்ட் என்பது பெட்ரோல்போல் தீரும் பொருள் அல்ல. மூடிய அமைப்புக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. புது காரில் ஒருமுறை லேசாகக் குறைந்தால், உள்ளே சிக்கிய காற்று வெளியேறியிருக்கலாம். மாதாமாதம் குறைந்தால் அது கசிவுதான்.

சரி, தரை ஏன் நனையவில்லை? சிறு கசிவு சூடான இன்ஜின்மேல் பட்டு ஆவியாகிவிடும். ஹோஸ் இணைப்பிலோ வாட்டர் பம்ப் அருகிலோ காய்ந்த கறை மட்டும் மிஞ்சும். ஹீட்டர் பகுதியில் கசிந்தால் காருக்குள் இனிப்பு வாடை வரும், முன்பக்க மேட் நனையும். ஹெட் கேஸ்கெட் பழுதானால் கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே போய், வெள்ளைப் புகையாக வெளியேறும்.

இதைக் கண்டுபிடிக்க பிரஷர் டெஸ்ட் உண்டு. இன்ஜின் ஆறியபின் காற்றழுத்தம் கொடுத்து, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். தெரியவில்லையென்றால் புறஊதா விளக்கில் ஒளிரும் சாயம் கலந்து தேடலாம். கூலன்ட்டில் இன்ஜினில் எரிந்த வாயு கலக்கிறதா என்பதை நிறம் மாறும் திரவம் காட்டிவிடும். ‘டெஸ்ட் பண்ணுங்க’ என்று கேட்பது நம் உரிமை. ஒரே நாளில் கசிவு பிடிபடாமல் போகலாம் என்பது நியாயம்தான். அப்படியானால் வண்டியை இரவு அங்கேயே விட்டு, காலையில் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் பங்குக்கு, இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் கூலன்ட் அளவையும் கிலோமீட்டரையும் போட்டோ எடுத்து வையுங்கள். அல்வாவுக்கு ருசி தரும் தாமிரபரணித் தண்ணீர் ரேடியேட்டருக்கு ஆகாது. தாதுக்கள் படியும், ‘தப்பான தண்ணி ஊத்திட்டீங்க’ என்று வாரண்டியை மறுக்கவும் சாக்காகும். மே மாத வெயிலில் ஏசி போட்டபடி பாபநாசம் மலைப்பாதை ஏறும்போது டெம்பரேச்சர் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். அதற்கு மேலும் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையும்; பழி நம்மேல் விழும்.

மிக முக்கியம், ஜாப் கார்டு. ‘கூலன்ட் குறைகிறது’ என்ற புகாரும், எவ்வளவு ஊற்றினார்கள் என்பதும் ஒவ்வொரு முறையும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை வாரண்டி முடிந்த மறுநாள் காற்றோடு போய்விடும். அப்போது பில் நம் கையில்.

சரிசெய்ய மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கார் எங்கே வாங்கியிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு 2 ஆண்டுகள். அங்கே பேசப்போவது நம் கோபம் அல்ல, அந்த ஜாப் கார்டுகள்தான்.

அடுத்த முறை ‘டாப்-அப் பண்ணியாச்சு’ என்றால் கேளுங்கள்: ‘சரிண்ணே, போன மாசம் ஊத்துனது எங்க போச்சு?’