ரட்லண்டு கவுண்டியும் இணைப்புப் பிரச்சினையும்

சிறிய ஸ்தாபனம் சிறியதாகவே இருந்து காரியம் பார்க்கலாமா, அல்லது அண்டையிலுள்ள பெரிய ஸ்தாபனத்தோடு சேர்ந்துவிடுவதே நலமா என்னும் கேள்வி கூட்டுறவாளர்களுக்குப் புதியதன்று. ஐம்பது தறிகளைக் கொண்ட நெசவாளர் சங்கமாயினும், ஒரே கிராமத்து விவசாயிகளின் கடன் சங்கமாயினும், அதன் கணக்கைப் பரிசீலிக்கும்போது இக்கேள்வி எழாமற் போவதில்லை. காரியதரிசியின் சம்பளம், கட்டிட வாடகை, தணிக்கைக் கட்டணம் ஆகியவற்றை வரவோடு ஒப்பிட்டு, "பக்கத்துச் சங்கத்தோடு சேர்த்துவிட்டால் என்ன?" என்பார் ஒருவர். "சேர்த்துவிட்டால் நம் சங்கம் எங்கே?" என்று கேட்பார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு.

இதே வழக்கு இங்கிலாந்து தேசத்தில் ஒரு சிறு கவுண்டியின் பேரில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்து வந்திருக்கிறது. கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்றதொரு பிரிவு. அந்தக் கவுண்டியின் பெயர் ரட்லண்டு. அதன் வரலாற்றை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயனுடையது என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லண்டன் மாநகருக்கு வடக்கே நூறு மைலுக்குள் அமைந்தது ரட்லண்டு. மேற்கிலும் வடக்கிலும் லெஸ்டர்ஷயர், கிழக்கில் லிங்கன்ஷயர், தெற்கில் நார்தாம்ப்டன்ஷயர் ஆகிய பெரிய கவுண்டிகள் இதனைச் சூழ்ந்திருக்கின்றன. வடக்கு தெற்காக மிக நீண்ட இடத்தில் 18 மைல். கிழக்கு மேற்காக மிக அகன்ற இடத்தில் 17 மைல். மொத்தப் பரப்பு சுமார் 150 சதுர மைல். இங்கிலாந்தின் பழமையான கவுண்டிகளுள் இதுவே மிகச் சிறியது. காலையில் ஒரு முனையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டவர் உச்சிப்பொழுதுக்குள் மறு முனையை அடைந்துவிடலாம். தெற்கெல்லையாக வெல்லண்டு ஆறு ஓடுகிறது. குவாஷ், சேட்டர் என்னும் சிற்றாறுகள் கிழக்கு நோக்கிச் சென்று அதனோடு கலக்கின்றன. மேற்கே ஆடுமாடுகள் மேயும் புல்வெளிகள்; கிழக்கே சுண்ணாம்புக்கல் மேட்டில் கோதுமையும் பார்லியும் விளையும் வயல்கள். ஓக்கம், அப்பிங்கம் என்னும் இரண்டே பட்டணங்கள்; மற்றவை யாவும் கிராமங்கள். கெட்டன் என்னும் கிராமத்தில் வெட்டியெடுத்த கல், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கல்லூரிக் கட்டிடங்களுக்குச் சென்றது.

இத்துணைச் சிறிய நாட்டுக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இது தனிக் கவுண்டியாக உருப்பெற்றது. அதற்கு முன் இப்பகுதி இங்கிலாந்து அரசிகளின் ஜீவனத்துக்கு விடப்பட்ட நிலமாக இருந்தது. ஈடித் வெஸ்டன் என்னும் ஊர், ஈடித் என்ற அரசியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. தலைநகரான ஓக்கத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை மண்டபம் ஒன்று உள்ளது. இவ்வூருக்கு முதன்முறை வரும் பிரபுக்களும் அரச குடும்பத்தினரும் ஒரு குதிரை லாடத்தைக் காணிக்கையாகத் தர வேண்டும் என்பது பழைய வழக்கம். அவ்வாறு வந்த லாடங்கள் இருநூறுக்கு மேல் மண்டபச் சுவர்களில் மாட்டப்பட்டிருக்கின்றன. எத்தனை பெரிய பிரபுவாயினும் இச்சிறு ஊரின் வழக்கத்துக்குத் தலைவணங்க வேண்டும் என்பதில் ஊராருக்குள்ள பெருமையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1888-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்திலே கவுண்டிதோறும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்கள் ஏற்பட்டன. ரட்லண்டுக்கும் 1889 முதல் ஒரு மன்றம் கிடைத்தது. பாதைகள், பள்ளிக்கூடங்கள் முதலியவற்றின் பொறுப்பு நாளடைவில் அதன் கைக்கு வந்தது. ஆனால் சேர்த்துவிடும் போக்கு வேறொரு வாயிலாக முன்னமே தொடங்கிவிட்டது. பார்லிமெண்டுக்கு இரண்டு பிரதிநிதிகளை அனுப்பிவந்த ரட்லண்டு, 1885 முதல் ஒருவரையே அனுப்பும் நிலைக்கு வந்தது. 1918-இல் அந்த ஒரு தனி ஸ்தானமும் போய், லிங்கன்ஷயரைச் சேர்ந்த ஸ்டாம்போர்டு நகரத்தோடு கூட்டுத் தொகுதியாயிற்று.

கவுண்டி மன்றத்துக்கே ஆபத்து வந்தது 1958-க்குப் பின்னர்தான். ஸ்தல ஸ்தாபன அமைப்பை ஆராய அவ்வாண்டு ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. ரட்லண்டு தனித்து நிற்கத் தக்க அளவுடையதன்று, லெஸ்டர்ஷயரோடு அதனைச் சேர்த்துவிட வேண்டும் என்று அக்கமிஷன் யோசனை கூறிற்று. ரட்லண்டு மக்கள் இதனை ஏற்கவில்லை. கூட்டங்கள் கூடின, ஆட்சேபங்கள் சென்றன. 1963-இல் சர்க்கார் அந்த யோசனையைக் கைவிட்டது.

அந்த வெற்றி பத்து ஆண்டுகளே நிலைத்தது. 1972-இல் நிறைவேறிய புதிய ஸ்தல ஸ்தாபனச் சட்டம் 1974 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தபோது, ரட்லண்டு என்ற கவுண்டி மறைந்தது. லெஸ்டர்ஷயருக்கு உட்பட்ட ஒரு சிறு வட்டாரமாக அது ஆயிற்று. வட்டார மன்றம் ஒன்று ஓக்கத்தில் இருந்தது உண்மையே. ஆயினும் பள்ளிக்கூடம், பெருஞ்சாலை, சமூக நல உதவி ஆகிய முக்கிய விஷயங்களைத் தீர்மானிக்கும் அதிகாரம் லெஸ்டர்ஷயர் மன்றத்துக்குப் போய்விட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட அக்கவுண்டியில் ரட்லண்டார் சுமார் முப்பதினாயிரம் பேர். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அவர்களை எவரும் பகைக்கவில்லை. கணக்கிலே அவர்கள் கரைந்துபோயினர் என்பதே நடந்தது.

அந்நாட்களில்தான் மற்றொரு காரியமும் நடைபெற்றது. பெருகிவரும் நகரங்களுக்குக் குடிநீர் வேண்டி, குவாஷ் ஆற்றின் குறுக்கே எம்பிங்கம் கிராமத்தருகே ஓர் அணை கட்டினர். 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் நீரில் மூழ்கியது. நெதர் ஹாம்பிள்டன் என்னும் குக்கிராமம் அடியோடு மறைந்தது; மிடில் ஹாம்பிள்டனிலும் பெரும்பகுதி போயிற்று. மேட்டிலிருந்த அப்பர் ஹாம்பிள்டன் மட்டும் மூன்று பக்கமும் நீர் சூழத் தப்பியது. நார்மன்டன் ஊர் மாதா கோவிலின் தரையை உயர்த்தி, நீரோரத்தில் அதனைக் காப்பாற்றினர். கவுண்டியின் நிலத்தில் முப்பதில் ஒரு பங்கு இவ்வாறு போயிற்று. தேக்கிய நீரோ நார்தாம்ப்டன், பீட்டர்பரோ முதலிய பிற கவுண்டி நகரங்களுக்குச் செல்வது. முதலில் இந்நீர்த்தேக்கத்துக்கு எம்பிங்கம் என்ற பெயரையே எண்ணியிருந்தனர். கவுண்டி மறைந்த பின், ஏரிக்காவது ரட்லண்டின் பெயர் இருக்கட்டும் என்று மக்கள் வற்புறுத்தினர். 1976-இல் அவ்வாறே அதற்கு ரட்லண்டு நீர்த்தேக்கம் என்ற பெயர் வழங்கப்பட்டது. தம் வயல்களை விழுங்கிய நீருக்கே தம் நாட்டின் பெயரைக் கேட்டுப் பெற்ற மக்களை என்னென்று சொல்வது! பெயர் என்பது வெறும் ஒலியன்று, தாம் ஒன்றுபட்டு ஒரு காரியத்தைச் செய்பவர்கள் என்பதற்கு அதுவே கடைசிச் சாட்சி என்று அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அவர்கள் ஓயவில்லை. 1992-இல் அமைந்த மற்றொரு கமிஷன், மக்களின் அபிப்பிராயத்தைக் கேட்டறிந்து, ரட்லண்டைத் தனியே பிரிக்கலாம் என்று சிபாரிசு செய்தது. 1997 ஏப்ரல் 1-ஆம் தேதி கவுண்டியின் எல்லாப் பொறுப்புகளையும் தானே நடத்தும் மன்றம் மீண்டும் ஓக்கத்தில் ஏற்பட்டது. சட்டப்படி அதன் முழுப்பெயர் 'ரட்லண்டு கவுண்டி மன்ற வட்டார மன்றம்' என்பதாகும். வட்டாரத்தின் அதிகாரமும் கவுண்டியின் அதிகாரமும் ஒரே சபையிடம் வந்ததால் நேர்ந்த விந்தை இது. பெயரின் நீளத்தைக் கண்டு நாம் நகைக்கலாம். ஆனால் போனது திரும்பி வருவதற்கு 23 ஆண்டுகள் பிடித்தன என்பது நகைப்புக்குரிய விஷயமன்று. சேர்ப்பதற்கு ஒரு சட்டம் போதும். பிரிப்பதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

இனி வரவுசெலவுப் பக்கத்தையும் பார்ப்பதே முறை. ஒரு தரப்பை மட்டும் கூறிவிட்டு மற்றதை மறைப்பது கூட்டுறவாளர்க்கு அழகன்று. 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ரட்லண்டின் மக்கள்தொகை சுமார் 41 ஆயிரம். இச்சிறு தொகையினர் தனித்து ஒரு கவுண்டியை நடத்துவதற்கு விலை உண்டு. சமீப ஆண்டுகளில் இங்கிலாந்திலேயே மிக உயர்ந்த வீட்டுவரி உள்ள இடங்களுள் ரட்லண்டும் ஒன்றாக இருந்துவந்திருக்கிறது. தனித்து இருப்பது இலவசமாகக் கிடைப்பதன்று.

அதே சமயம், எல்லாவற்றையும் தனியே செய்வோம் என்ற வீம்பும் அவர்களிடம் இல்லை. ரட்லண்டின் போலீஸ் படை 1951-லேயே லெஸ்டர்ஷயர்ப் படையோடு சேர்ந்துவிட்டது. 1997-இல் தனி மன்றம் பெற்ற பின்னும் போலீசையும் தீயணைப்புப் படையையும் அவர்கள் தனியே பிரித்துக்கொள்ளவில்லை. கூட்டாகச் செய்யத் தக்கதைக் கூட்டாகவும், தாமே தீர்மானிக்கத் தக்கதைத் தாமாகவும் செய்வது என்ற வழியை அவர்கள் கைக்கொண்டனர். ரட்லண்டு நமக்குக் கற்பிக்கும் பாடங்களுள் இதுவே தலையாயது என்பது நமது கருத்து.

வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, புதிய மன்றங்கள் பொதுவாக ஐந்து இலட்சம் மக்களையேனும் கொண்டிருக்க வேண்டும் என்ற நோக்கத்தைக் கூறிற்று. 2025 பிப்ரவரியில், லெஸ்டர் நகரம், லெஸ்டர்ஷயர், ரட்லண்டு ஆகிய பகுதி முழுவதற்கும் மறு சீரமைப்புத் திட்டங்களைத் தருமாறு அழைப்பு வந்தது. ஐந்து இலட்சம் எங்கே, நாற்பத்தோராயிரம் எங்கே! 1963-லும் 1974-லும் எழுந்த அதே கேள்வி மீண்டும் அவர்கள் வாயிலில் வந்து நின்றது. அதன் முடிவு எதுவாயினும், அக்கேள்வியை எவ்வாறு எடைபோடுவது என்பதே நமக்கு வேண்டுவது.

பரிசோதனை செய்யும் உத்தியோகத்திலிருக்கும் நமக்கு, ஆறு சங்கங்களை ஒன்றாக்கினால் ஆறு தணிக்கை ஒன்றாகக் குறையும், ஆறு பதிவேடு ஒன்றாகும் என்பது தெரியாததன்று. காகிதத்தில் அது அழகாகவே இருக்கும். ஆனால் காகிதத்தின் அழகு மேலதிகாரிக்கு, சங்கமோ அங்கத்தினர்க்கு. ஆகையால் சேர்க்கை யோசனை வரும்போது மூன்று விஷயங்களை அங்கத்தினர்கள் தெளிவாகக் கேட்டறிய வேண்டும் என்று கூறுவோம்.

முதலாவது, சேர வேண்டியது வேலையா, அதிகாரமா என்பது. நூல் கொள்முதல், சாயமிடுதல், கிடங்கு, லாரி, கணக்கெழுதுதல் ஆகியவற்றைப் பல சங்கங்கள் கூடிச் செய்தால் செலவு குறையும். எவருடைய உரிமையும் குறையாது. ஆனால் யாருக்குக் கடன், யாருக்குத் தறி, இலாபத்தை எவ்வாறு பங்கிடுவது என்ற தீர்மானம் தொலைவிலுள்ள மகாசபைக்குப் போகுமானால், அங்கே நூற்றுக்கு நான்கு பேராக இருப்பவரின் குரல் எந்த மட்டும் கேட்கும் என்பதை முன்பே எண்ண வேண்டும்.

இரண்டாவது, தனித்திருப்பதன் விலை என்ன என்பது. அதனை ரூபாய்க் கணக்கில் பஞ்சாயத்தார் மகாசபையின் முன் வைக்க வேண்டும். ரட்லண்டார் உயர்ந்த வரியைச் செலுத்தியும் தம் மன்றத்தை நடத்தியதைப் போல, அந்த விலையைக் கொடுக்க அங்கத்தினர்கள் அறிந்து சம்மதித்தால், அது அவர்கள் உரிமை. சம்மதியாவிட்டால், சேர்வதில் அவமானம் ஒன்றுமில்லை. மகாசபைக்கு ஆள் வராமல், கடன் வசூலாகாமல், பெயர்ப்பலகைக்காக மட்டும் ஒரு சங்கம் நிற்பதால் எவருக்கும் பயனில்லை. பெயரைக் காக்க விரும்புவோர் முதலில் கூட்டத்துக்கு வர வேண்டும்.

மூன்றாவது, கேட்டது யாரை என்பது. 1974-இல் நடந்தது மேலிருந்து வந்தது; 1997-இல் நடந்தது மக்களைக் கேட்டு நடந்தது. முன்னது 23 ஆண்டுகள் மனக்குறையாகவே இருந்தது. கேளாமற் செய்த நன்மையும் நன்மையாகத் தோன்றுவதில்லை.

ரட்லண்டின் சின்னத்தில் பொறித்த வாசகம் லத்தீன் மொழியிலானது. சிறியதிலே மிகுதி உண்டு என்பது அதன் பொருள். சிறியது என்பதனாலேயே மிகுதி உண்டாகிவிடாது. அதனுள் இருப்போர் உழைத்தால்தான் உண்டாகும். நம் சங்கங்களில் சேர்க்கைத் தீர்மானம் வரும் நாளில், அங்கத்தினர் ஒவ்வொருவரும் கணக்கையும் படித்து, கூட்டத்துக்கும் வந்து, தம் கையை உயர்த்தி முடிவு செய்வார்களாக. அவ்வாறு செய்த முடிவு சேர்வதாயினும் பிரிந்து நிற்பதாயினும், அது கூட்டுறவின் முடிவாகும்.